டீசல் மின்சாரம் கொடுக்க, மோட்டர் இழுக்கும் பைக்: கொட்டாஞ்சேனை முற்றத்து வேலை

அந்த டீசல் மெசின் கிளிநொச்சியில் சித்தப்பாவின் தோட்டக் கிணற்றில் ஆறு வருடம் தண்ணீர் இறைத்தது. அவர் சூரிய மின்சாரப் பம்புக்கு மாறியதும் கொட்டிலில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. "பழைய இரும்புக்குப் போடத்தான் இருந்தனான், வேணுமெண்டா எடுத்துக்கொண்டு போ" என்றார். வெங்காய லொறியில் ஏற்றி கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்தேன்.

170எஃப் என்று சொல்லும் வகை. ஒற்றைச் சிலிண்டர், காற்றால் குளிர்வது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 55, மொத்தம் 211 சிசி. நிமிடத்துக்கு 3000 சுற்றில் மணிக்கணக்காக 2.5 கிலோவாட் தரும். எடை 27 கிலோ. டேங்கைக் கழுவி, வால்வு இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் 0.15 மில்லிமீற்றருக்கு வைத்து, இன்ஜெக்டருக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்திக் கயிற்றை இழுத்தேன். முதலில் நுரை வந்தது, பிறகு டீசல் மட்டும் பீச்சியது. நட்டை இறுக்கி, சிலிண்டரின் அமுக்கத்தைத் தளர்த்தி இழுவையை இலகுவாக்கும் டீகம்ப்ரஷன் நெம்பை அமர்த்தி மூன்றாவது இழுவையில் பிடித்துக்கொண்டது.

இதை வைத்து பைக் செய்யும் எண்ணம் 2022இல் வந்தது. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ஜூலைக்குப் பிறகு எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெட்ரோல். வரிசையில் பைக்கைத் தள்ளிக்கொண்டே நின்ற நாட்களில் தலைக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது: நான் ஓடும் தூரத்துக்கு உண்மையில் எவ்வளவு சக்தி தேவை?

தொலைபேசியின் ஜிபிஎஸ்ஸை வைத்து அளந்தேன். வேலைக்குப் போகும் வெள்ளவத்தை வரை ஏறத்தாழ 10 கிலோமீற்றர். காலையில் 38 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 16 கிலோமீற்றர்தான். காலி வீதியில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புவதில் பாதி நேரம் போகிறது. 125 சிசி இஞ்சினின் முழு வலு தேவைப்படுவது கிளம்பும் அந்த நாலைந்து விநாடிகளுக்கு மட்டும். மீதி நேரம் அது சும்மா எரிகிறது. கிளம்பும் வலுவைப் பற்றரி கொடுத்து, சராசரியை மட்டும் ஒரு சின்ன இஞ்சின் ஈடுகட்டினால் போதும். இந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் முழு வேலையும் நிற்கிறது.

டீசல் பைக் புதிதல்ல. இந்தியாவில் என்ஃபீல்ட் டாரஸ் 325 சிசி டீசல் இஞ்சினோடு, 6.5 குதிரை வலுவில் ஓடியது. அதில் இஞ்சின் கியர் வழியாக நேரே சக்கரத்தைச் சுற்றும். நேர்ச்சாலையில் சீராக ஓட அதுதான் சிக்கனம். இடையில் மின்சாரமாக மாற்றி மறுபடி சுழற்சியாக மாற்றும் இழப்பு இல்லை. ஆனால் நான் ஓடுவது நேர்ச்சாலையில் அல்ல, கொழும்பில்.

அப்பா தெமட்டகொடை லோகோ ஷெட்டில் மின்பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். படம் வரைந்து காட்டியபோது ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். "இது எம்2 தானே" என்றார். 1954இல் கனடாவிலிருந்து வந்த எம்2 வகை, ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று மாகாணப் பெயர் தாங்கிய ரயில் எஞ்சின்கள். அதிலும் டீசல் இஞ்சின் சக்கரத்தைத் தொடுவதில்லை. ஜெனரேட்டரைச் சுற்றும், அந்த மின்சாரத்தில் அச்சில் உள்ள மோட்டர்கள் இழுக்கும். அப்பாவின் வாழ்க்கையில் பாதி அந்த ஜெனரேட்டர்களோடு போனது. படத்தைத் திருப்பித் தரும்போது ஒரு கேள்வி கேட்டார்.

"இதில ஃபீல்ட் எங்க? அவசரத்துக்கு அதை எப்பிடி வெட்டுவாய்?"

"இது நிரந்தரக் காந்தம் அப்பா, ஃபீல்ட் சுருள் இல்லை" என்றேன். அவர் கேட்ட ஃபீல்ட், பெரிய ஜெனரேட்டர்களில் மின்சாரம் பாய்ச்சிக் காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருள். அவர் "ம்" என்று மட்டும் சொன்னார். அந்த "ம்" எனக்கு விளங்க நாலு மாதம் எடுத்தது.

பைக் பழைய ஹோண்டா 125. இஞ்சின் செத்துப்போனதால் மலிவாகக் கிடைத்தது. பதிவுச் சான்றிதழில் இஞ்சின் எண்ணும் எரிபொருள் வகையும் எழுதப்பட்டிருக்கும். அவை இரண்டும் மாறிவிட்ட வண்டியை அப்படியே வீதிக்கு எடுக்கக் கூடாது. அதனால் இங்கே சொல்லும் ஓட்டம் எல்லாம் புளூமெண்டல் வீதிப் பக்கம் நண்பர் ஒருவரின் மரக்காலை வளவுக்குள் நடந்தது. ஒரு சுற்று 300 மீற்றர்.

பஞ்சிகாவத்தையில் இரண்டு மோட்டர் வாங்கினேன், இரண்டும் ஒரே வகை: 72 வோல்ட், 3 கிலோவாட், பிரஷ் இல்லாதது. ஒன்று சங்கிலி வழியாகப் பின்சக்கரத்தை இழுக்க, மற்றது ஜெனரேட்டராகச் சுழல. பிரஷ் இல்லாத மோட்டரை வெளியிலிருந்து சுற்றினால் அதன் மூன்று கம்பிகளிலும் மாறுமின்சாரம் வரும். ஆறு டயோட் கொண்ட ரெக்டிஃபையர் அதை நேர்மின்சாரமாக்கும். இதற்கு வேறு கொன்ரோலர் (மோட்டருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பெட்டி) தேவையில்லை, வோல்டேஜ் பற்றரிக்குப் பொருந்தினால் போதும்.

பொருந்துமா என்று பார்க்க மோட்டரின் தண்டை ட்ரில் மெசினில் பிடித்து 1000 சுற்றில் ஓட விட்டேன். ரெக்டிஃபையருக்குப் பின் மீற்றர் காட்டியது 18.2 வோல்ட். அதாவது ஒரு வோல்ட்டுக்கு 55 சுற்று. பற்றரி லித்தியம் இரும்புப் பொஸ்பேற், 50 அம்பியர் மணிச் செல்கள் 20 தொடராக. பெயரளவில் 64 வோல்ட், 3.2 கிலோவாட் மணி. நிரம்பும்போது 73 வோல்ட். இஞ்சின் 3000 சுற்றில் ஓட, ஜெனரேட்டர் அதைவிட வேகமாகச் சுழல வேண்டும்.

இங்கே முதல் பிழையைச் செய்தேன். இஞ்சின் பக்கம் 120 மில்லிமீற்றர் கப்பி, ஜெனரேட்டர் பக்கம் 100. விகிதம் 1.2. 3600 சுற்று, 65 வோல்ட், காகிதத்தில் சரியாக இருந்தது. ஓட விட்டால் பற்றரிக்குள் ஒரு அம்பியர் கூடப் போகவில்லை. பற்றரியே 65 வோல்ட்டில் நிற்கும்போது அதே 65 வோல்ட் எதைத் தள்ளும்? டயோட்களில் 2 வோல்ட் போகும், சுருளின் தடையில் நாலு வோல்ட் போகும், சுமை ஏற ஏற, இஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அதை 3000இலிருந்து 2850 வரை இறங்க விடும். இதையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, மருதானை லேத் பாஸிடம் 140 மில்லிமீற்றர் கப்பி ஒன்று கடைந்து தரச் சொன்னேன். விகிதம் 1.4. சுமை இல்லாமல் 76 வோல்ட். பற்றரியோடு இணைத்ததும் 67 வோல்ட்டில் 25 அம்பியர் வந்து நின்றது. ஏறத்தாழ 1.7 கிலோவாட். வேலை தொடங்கி முதல் தடவையாக அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்தது அதிர்வு. ஒற்றைச் சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் 3000 சுற்றில் விநாடிக்கு 25 தடவை அடிக்கிறது. டீசலின் அடி பெட்ரோலைவிடக் கடினம். இஞ்சினை மட்டும் ரப்பரில் வைத்து ஜெனரேட்டரைச் சட்டத்தில் நேரே பூட்டியிருந்தேன். இஞ்சின் ஆடியது, ஜெனரேட்டர் ஆடவில்லை. நடுவில் பெல்ட் கறுப்புத் தூளாக உதிர்ந்தது, ஒரு தடவை கழன்று பறந்து வளவின் மூலையில் விழுந்தது. ரப்பரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சட்டத்தோடு இறுக்கினேன். பெல்ட் நின்றது. ஆறு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஓட்டத்தின் சத்தம் வேறு மாதிரி இருந்தது, ஒரு சின்ன கிணுகிணுப்பு.

வெல்டிங் பாஸிடம் காட்டினேன். "மல்லி (தம்பி), கண்ணால பார்த்தால் தெரியாது" என்று சொல்லி, துணியை மண்ணெண்ணெயில் நனைத்து இஞ்சின் தாங்கும் குழாயின் மூட்டைத் துடைத்தார். நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டு, பள்ளிக்கூட வெண்கட்டியை அதன்மேல் தேய்த்தார். இரண்டு நிமிடம் காத்திருந்தோம். வெள்ளைப் பூச்சின் மேல் மெல்ல ஒரு கோடு நனைந்து வந்தது, வெல்டின் ஓரமாகக் குழாயைச் சுற்றி மூன்றில் ஒரு பங்கு. வெடிப்புக்குள் புகுந்த மண்ணெண்ணெயை வெண்கட்டி உறிஞ்சி எடுத்துக் காட்டிவிட்டது. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் இஞ்சின் நிலத்தில் கிடந்திருக்கும்.

அதன் பிறகுதான் சரியான வழி புரிந்தது. 6 மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஒன்றில் இஞ்சினையும் ஜெனரேட்டரையும் ஒன்றாகப் பூட்டினேன். இரண்டுக்கும் இடையிலான தூரம் இனி மாறாது, பெல்ட்டுக்குத் தொல்லை இல்லை. அந்தத் தகட்டை முழுசாக நாலு ரப்பர் தாங்கிகளில் சட்டத்தின் மேல் உட்கார வைத்தேன். ஆடுவதானால் இரண்டும் சேர்ந்து ஆடட்டும். ஒற்றை பெல்ட்டுக்குப் பதில் இரண்டு போட்டேன். கைப்பிடியில் இப்போதும் அதிர்வு வருகிறது, ஆனால் விரல் மரத்துப்போவதில்லை. வெல்டிங் மூட்டுகளை மாதம் ஒரு தடவை வெண்கட்டி போட்டுப் பார்க்கிறேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. புனித லூசியா பேராலயத்தில் பூசை முடியும் வரை இஞ்சினைத் தொடுவதில்லை என்று அயலுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பத்தரைக்குப் பிறகு முற்றத்தில் ஸ்டாண்டில் நிறுத்திச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தேன். 25 அம்பியர், 69 வோல்ட். இஞ்சின் சுமையோடு அடிக்கும் அந்தக் கனத்த சத்தம். திடீரென்று சத்தம் இலேசானது, மாட்டைக் கட்டிலிருந்து அவிழ்த்துவிட்ட மாதிரி இஞ்சின் ஒரு துள்ளு துள்ளியது. அதே கணத்தில் இழுவை மோட்டரின் கொன்ரோலர் பெட்டிக்குள் "டப்" என்று ஒன்று. ஓடிப்போய் ஸ்டொப் நெம்பை இழுத்தேன். எரிந்த பிசின் மணம் முற்றம் முழுக்க.

நடந்தது இதுதான். இருபது செல்லில் ஒன்று மற்றவற்றுக்கு முன்னால் நிரம்பி 3.65 வோல்ட்டைத் தொட்டது. பற்றரியைக் காக்கும் பிஎம்எஸ் தன் வேலையைச் சரியாகச் செய்து, சார்ஜை வெட்டியது. அதுவரை 1.7 கிலோவாட்டை விழுங்கிக்கொண்டிருந்த பற்றரி ஒரு நொடியில் இல்லாமல் போனது. இஞ்சினின் சுமை போனதும் கவர்னர் திருத்துவதற்குள் வேகம் மேலே பாய்ந்தது. ஜெனரேட்டரின் சுருளில் ஓடிக்கொண்டிருந்த 25 அம்பியருக்கும் எங்காவது போக வேண்டும். அந்தக் கம்பியில் மிச்சம் இருந்த ஒரே பொருள் கொன்ரோலர். வோல்டேஜ் 80ஐத் தாண்ட, 80 வோல்ட்டுக்கு மட்டும் தாங்கும் அதன் மொஸ்ஃபெட்கள் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்னச் சுவிட்சுகள்) வெடித்தன.

அப்பா கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கோபமோ "அப்பவே சொன்னேன்" என்ற பார்வையோ இல்லை. எம்2இல் இழுவையை நிறுத்த வேண்டுமென்றால், ஜெனரேட்டரின் ஃபீல்ட் சுருளுக்குப் போகும் சிறிய மின்னோட்டத்தை வெட்டினால் போதும். ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரை வலு அந்த மெல்லிய கம்பியில் அடங்கும். இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், மின்சாரம் வராது. "உன்ர காந்தத்தை அணைக்க ஏலாது. சுத்துற வரைக்கும் அது தரும். அப்ப வேற எதை வெட்டப் போறாய்?" என்று கேட்டார். நிரந்தரக் காந்த ஜெனரேட்டரைப் பற்றரியோடு இணைக்க நினைக்கும் யாரும் முதல் நட்டை இறுக்கும் முன்னரே இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். நான் கண்ட மின்சுற்றுப் படங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றி ஒரு கோடு கூட இல்லை.

எங்கள் பதில் மூன்று அடுக்கு. முதலில் செல்கள். இருபதையும் கழற்றி ஒன்றாகப் பக்க இணைப்பில் போட்டு, 3.65 வோல்ட் வரை மெல்ல ஏற்றி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு இரவும் ஒரு பகலும் ஆனது. இப்போது எந்தச் செல்லும் தனியே முந்துவதில்லை.

இரண்டாவது, பற்றரி நிரம்பும் முன்னரே இஞ்சினை நிறுத்துவது. டீசல் இஞ்சினுக்கு ஸ்பார்க் இல்லை, சாவியைத் திருப்பி அணைக்க முடியாது. எரிபொருளை வெட்ட வேண்டும். ஸ்டொப் நெம்பை இழுக்கும்படி 12 வோல்ட் சொலினொய்ட் (மின்சாரம் பாய்ந்தால் தண்டை இழுக்கும் சுருள்) ஒன்றைப் பூட்டினேன். வோல்டேஜ் ரிலே ஒன்று 69.5 வோல்ட்டைக் கண்டதும் அதற்கு மின்சாரம் கொடுக்கும். பிஎம்எஸ் தலையிட வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

மூன்றாவதுதான் அப்பாவின் கேள்விக்கு நேரான விடை. ஜெனரேட்டரின் மூன்று கம்பிகள் ரெக்டிஃபையருக்குள் போகும் முன் மூன்று முனைக் கொன்டாக்டர் (மின்காந்தத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச்) ஒன்றை வைத்தேன். பிஎம்எஸ் வெட்டப்போகும் சமிக்ஞை வந்தாலோ, கம்பியில் 74 வோல்ட் தெரிந்தாலோ அது விழுந்து இணைப்பைத் துண்டிக்கும். ஜெனரேட்டர் சுழலும், வோல்டேஜ் இருக்கும், ஆனால் அது எதையும் தொடாது. நேர்மின்சாரப் பக்கம் இதைப் போட்டால் தொடுமுனைகளில் தீப்பொறி நீண்டு எரியும். மாறுமின்சாரம் ஒவ்வொரு சுற்றிலும் பூச்சியத்தைக் கடப்பதால் பொறி தானாக அணையும். கொன்ரோலரையும் 100 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் மொஸ்ஃபெட் உள்ளதாக மாற்றினேன்.

சோதனைக்கு அப்பா ஸ்டொப் நெம்பில் கை வைத்து நின்றார். இஞ்சின் முழுச் சுமையில், 25 அம்பியர். கொன்ரோலரைக் கழற்றி வைத்திருந்தேன், இன்னொரு தடவை நட்டப்பட மனமில்லை. பிஎம்எஸ்ஸின் சமிக்ஞைக் கம்பியைக் கையால் பிடுங்கினேன். கொன்டாக்டர் "டக்" என்று விழுந்தது. இஞ்சின் அதே துள்ளலைத் துள்ளியது, ஆனால் மீற்றர் 66 வோல்ட்டில் அசையாமல் நின்றது. அடுத்த நொடியில் சொலினொய்ட் இழுக்க, இஞ்சின் இரண்டு மூச்சு விட்டு அடங்கியது. பத்துத் தடவை செய்தோம். பத்திலும் ஊசி அசையவில்லை. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்ப ஓட்டு" என்றார்.

ஓட்டம் எப்படி? கியர் இல்லை, கிளச் இல்லை. கைப்பிடியைத் திருப்பினால் 60 அம்பியர் வரை பற்றரி கொடுக்கிறது. 125இன் இரண்டாவது கியரில் கிளம்புகிற வேகம். இஞ்சின் தன் பாட்டுக்கு ஒரே சுருதியில் ஓடுகிறது, நான் வேகமெடுத்தாலும் நின்றாலும் அதன் சத்தம் மாறாது. முதல் சில சுற்றுகளுக்கு அது வினோதமாக இருந்தது. காது ஒன்று சொல்லும், வண்டி வேறொன்று செய்யும். எடை பழைய பைக்கைவிட 56 கிலோ கூடிவிட்டது. அதனால் முன் ட்ரம் பிரேக் போதாமல் போய், டிஸ்க் உள்ள முன்பக்க ஃபோர்க் ஒன்றைப் பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்து மாற்றினேன்.

எரிபொருளை அளக்க 500 மில்லிலீற்றர் போத்தலில் கோடு போட்டு, டேங்கைத் தவிர்த்து நேரே அதிலிருந்து ஓட்டினேன். 1.7 கிலோவாட்டில் 40 நிமிடம் ஓடி நின்றது. லீற்றருக்கு ஏறத்தாழ 2.27 கிலோவாட் மணி பற்றரிக்குள் போகிறது. வளவுக்குள் காலி வீதியைப் போலவே நின்று நின்று ஓட்டியதில் கிலோமீற்றருக்கு 41 வாட் மணி செலவு. ஏற்றி இறக்கும் இழப்பையும் கழித்தால் லீற்றர் டீசலுக்கு 52 கிலோமீற்றர். நேரே சக்கரத்தைச் சுற்றும் டீசல் பைக் நேர்ச்சாலையில் இதைத் தாண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்குப் பிடித்த கணக்கு வேறு: வெள்ளவத்தைக்கு 38 நிமிடப் பயணம் என்றால் அதில் இஞ்சின் ஓட வேண்டியது 15 நிமிடம் மட்டும். மீதி நேரம் வண்டி சத்தமில்லாமல் போகும். வீட்டில் மின்சாரம் இருக்கும் நாளில் செருகி ஏற்றிவிட்டால் அந்த 15 நிமிடமும் வேண்டாம்.

இப்போது மீதம் இருப்பது சூடு. இஞ்சினின் குளிர்விக்கும் காற்று வெளியேறும் பக்கம் நேரே பற்றரிப் பெட்டிக்கு எதிரே இருக்கிறது. போன வாரம் மத்தியானம் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நடுச் செல்லில் வெப்பமானியை வைத்தால் 47 பாகை. இந்தச் செல்களை 45க்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. காற்றைக் கீழே திருப்பிவிடத் தடுப்பு ஒன்றை முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்தேன், 39இல் நின்றது. அதே அளவில் அலுமினியத் தகடு வெட்ட மெசஞ்சர் வீதியில் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை கிடைக்கும்.